சருகின் அருமை சொன்ன ஆல்பர்ட் ஹோவர்ட்

பொங்கல் முடிந்து மாசி வரும்போது நம் தெருக்களில் வேம்பும் வாதுமையும் இலை உதிர்க்கத் தொடங்கிவிடும். காலையில் பெருக்கிக் குவிப்பது, சாயங்காலம் மூலையில் தீ வைப்பது என்பது பல வீடுகளில் இன்னும் மாறாத வழக்கம். புகையில் பெரியவர்களுக்கு இருமல், குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு, பக்கத்து வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். இதே வீடுகளில்தான் அடுத்த வாரமே செடிகளுக்கு என்று உர மூட்டையும் வாங்குகிறோம். ஒரு கையால் எரித்ததை மறு கையால் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது நம் நினைவுக்கு வருவதே இல்லை.

இந்த ஒரு விஷயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொல்லவே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்துக்காரர். ஆனால் பாடம் படித்தது நம் நாட்டு உழவர்களிடம். அவர் பெயர் ஆல்பர்ட் ஹோவர்ட். இயற்கை வேளாண்மை பற்றி இன்று உலகில் யார் பேசினாலும் முன்னோடிகள் வரிசையில் அவர் பெயர் வந்துவிடும். இந்த இதழில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

பண்ணையில் பிறந்த பிள்ளை

ஹோவர்ட் 1873 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மாடும் வயலும் பார்த்து வளர்ந்தவர் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் படித்தார். படிப்பு முடிந்ததும் 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. கரும்பு முதலான பயிர்களுக்கு வரும் பூஞ்சை நோய்களை ஆராய்வது அந்த வேலை.

அங்கேதான் அவருக்கு முதல் நெருடல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இலையை நுண்ணோக்கியில் பார்த்து விவசாயிக்கு மருந்து சொல்கிறோம். ஆனால் அந்த மருந்தைப் போட்டுப் பார்க்கச் சொந்தமாக ஒரு காணி நிலம் கூடத் தம்மிடம் இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. தான் செய்து பார்க்காததைப் பிறருக்குச் சொல்வது எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்வி கடைசி வரை அவரை விடவில்லை.

1903-இல் இங்கிலாந்து திரும்பி வை என்ற ஊரின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் இந்தியாவில் இருந்து அழைப்பு வந்தது.

பூசாவில் கிடைத்த ஆசிரியர்கள்

கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1905-இல் பீகார் மாநிலத்தின் பூசாவில் பெரிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நம் பக்கத்தில் சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டதும் அதையொட்டி 1906-இல்தான். பூசா நிலையத்தின் பயிரியல் வல்லுநராக ஹோவர்ட் வந்தார். அதே 1905-இல் கேப்ரியல் மத்தாய் என்ற பெண் விஞ்ஞானியை மணந்தார். ஒளிச்சேர்க்கை பற்றி கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர் அந்த அம்மையார். அடுத்த 25 ஆண்டுகள் கணவனும் மனைவியும் ஒன்றாகவே வேலை செய்தார்கள். ஹோவர்ட் பெயரில் வந்த ஆய்வுகளில் பாதிப் பங்கு அந்த அம்மையாருடையது என்று சொன்னால் மிகையில்லை.

பூசாவில் அவருக்குச் சுமார் 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளில் ஏங்கிய ஆசை நிறைவேறியது. நிலையத்திலோ பூச்சிக்கு ஒரு துறை, பூஞ்சைக்கு ஒரு துறை, மண்ணுக்கு ஒரு துறை என்று பிரித்து வைத்திருந்தார்கள். பயிர் அப்படிப் பிரிந்து வளர்வதில்லையே என்பது ஹோவர்டின் எண்ணம். பூசாவைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தார். உழவர்கள் மருந்து தெளிக்கவில்லை, உரக்கடைக்குப் போகவில்லை. ஆனாலும் பயிர்களில் நோய் குறைவாக இருந்தது. இவர்களே என் ஆசிரியர்கள் என்று முடிவு செய்துகொண்டார். பயிரில் வரும் பூச்சியையும் நோயையும் கூட ஆசிரியராகவே எடுத்துக்கொண்டார். பூச்சி வந்தால் அதைக் கொல்வதற்கு முன், மண்ணில் அல்லது சாகுபடி முறையில் எங்கே குறை என்று அது காட்டுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கோதுமையில் அந்தத் தம்பதி உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய ரகங்கள் வட இந்தியா எங்கும் பரவின. அதோடு நின்றிருந்தால் நல்ல கோதுமை ரகம் கொடுத்தவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு விஷயம் ஹோவர்டின் மனதில் நின்றது. நல்ல விதை கொடுத்தால் விளைச்சல் ஓரளவு கூடுகிறது. மண்ணைச் சரியாக வைத்தால்தான் அந்த விதை தன் முழுப் பலனைத் தருகிறது. அப்படியானால் மண்ணைச் சரியாக வைப்பது எப்படி?

பச்சைத்தழை கற்றுக்கொடுத்த பாடம்

நம் ஊர் விவசாயிகள் சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது போல, பூசாவிலும் சணப்பையை மடக்கி உழுது பார்த்தார்கள். ஒரு வருடம் அருமையாக விளைந்தது. இன்னொரு வருடம் பலன் சொல்லும்படி இல்லை. போட்ட தழை அதேதான், ஆனால் பலன் ஒன்று போல வரவில்லை. காரணம் தேடியபோது, தழை மக்குவதற்கு ஈரமும் காற்றும் கால அவகாசமும் வேண்டும் என்பது தெரிந்தது. அவை கிடைக்காவிட்டால் மக்குகிற வேலையும் பயிர் வளர்கிற வேலையும் ஒரே நிலத்தில் ஒரே நேரத்தில் மோதிக்கொள்கின்றன.

இதை இன்றைய மண்ணியல் எளிதாக விளக்குகிறது. வைக்கோலிலும் சருகிலும் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. நெல் வைக்கோலில் ஏறக்குறைய 80 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். அதைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் உடம்பிலோ 8 பங்கு கரிமத்துக்கே ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். பற்றாக்குறைக்கு அவை என்ன செய்யும்? மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பச்சை வைக்கோலையோ காய்ந்த சருகையோ மண்ணில் வெட்டிக் கலந்து உடனே செடி நட்டால், சில வாரங்கள் இலை மஞ்சளடிக்கிறது. அந்தச் சத்து தொலைந்து போவதில்லை. நுண்ணுயிர்கள் இறந்து மக்கும்போது திரும்பவும் மண்ணுக்கே வரும். ஆனால் செடிக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது கிடைக்கவில்லை.

ஆக, கழிவில் சத்து இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியில்லை. அது எங்கே, எப்போது மக்குகிறது என்பதைப் பொறுத்தே செடிக்குக் கிடைப்பதும் கிடைக்காததும். ஹோவர்டின் பிற்கால வேலை முழுவதும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே நடந்தது.

இந்தூர் முறை பிறந்த கதை

பூசாவின் துறைப் பிரிவுகளுக்குள் தாம் நினைத்தபடி வேலை செய்ய முடியாது என்று கண்ட ஹோவர்ட், 1924-இல் மத்திய இந்தியாவின் இந்தூருக்குப் போனார். பருத்திக் குழுவின் உதவியோடும் அப்பகுதி சமஸ்தானங்களின் உதவியோடும் அங்கே ஒரு பயிர் நிறுவனம் அமைந்தது. கரிசல் பூமி. பருத்திக் குச்சி, களைச்செடி, கரும்புத் தோகை, உதிர்ந்த இலை எல்லாம் வீணாகவோ விறகாகவோ போய்க்கொண்டிருந்தன. சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போயிற்று. மாட்டின் மூத்திரம் தொழுவத்து மண்ணிலேயே ஊறிப் போயிற்று.

ஹோவர்ட் இவற்றைச் சேர்த்துப் பார்த்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளர் அவருக்குத் துணை நின்றார். சீன விவசாயிகள் நூற்றாண்டுகளாகக் கழிவை எருவாக்கி நிலத்துக்குத் திருப்பி வந்ததை அமெரிக்கர் எஃப். எச். கிங் 1911-இல் வெளிவந்த நூலில் எழுதியிருந்தார். அதுவும் ஹோவர்டுக்கு வழி காட்டியது.

முறை எளிது. பலவகைச் செடிக் கழிவுகளைக் கலந்து பரப்ப வேண்டும். அதன்மேல் சாணம், மூத்திரம் ஊறிய தொழுவத்து மண், கொஞ்சம் அடுப்புச் சாம்பல். தண்ணீர் தெளித்து, மீண்டும் அதே போல அடுக்கு. சில வார இடைவெளிகளில் கிளறிவிட வேண்டும். காற்றும் ஈரமும் சரியாக இருந்தால் குவியல் உள்ளே சூடாகி, மூன்று மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, மண்வாசனையுள்ள எருவாகிவிடும். தொடக்கத்தில் கரிமமும் தழைச்சத்தும் 33-க்கு 1 என்ற அளவில் இருக்கும்படி கழிவுகளைக் கலந்தால் சரியாக வரும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். வெயில் காலத்தில் ஆழம் குறைந்த குழி, மழைக்காலத்தில் தரைமேல் குவியல் என்று பருவத்துக்கு ஏற்ற ஏற்பாடும் சொன்னார்கள். மழைநீர் குழியில் தேங்கினால் காற்றோட்டம் போய் நாற்றம் எடுக்கும் என்பதே காரணம்.

மண்ணுக்குள் நடக்கும் சண்டையைக் குவியலுக்குள்ளேயே முடித்துவிட்டு, மக்கிய பொருளைச் செடிக்குக் கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். மேல் பார்வைக்கு நம் ஊர் எருக்குழி மாதிரிதான். ஆனால் எருக்குழியில் எதைப் போட்டாலும் எப்போதோ மக்கும் என்று விடாமல், இத்தனை நாளில் இப்படி வரும் என்று உறுதியாகச் சொல்ல வழி செய்தது இந்தூர் முறை.

இந்த வேலை உச்சத்தில் இருந்தபோது, 1930-இல் கேப்ரியல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டே ஹோவர்ட் இந்திய வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். வாட் அவர்களோடு சேர்ந்து எழுதிய வேளாண் கழிவுகள் பற்றிய நூல் 1931-இல் வெளிவந்தது. கேப்ரியலின் தங்கை லூயிஸ் பின்னாளில் ஹோவர்டின் துணைவியாரானார். ஹோவர்ட் இந்தியாவில் செய்த வேலைகளை முழுமையாகத் தொகுத்து 1953-இல் நூலாக எழுதியவரும் அவர்தான்.

பாராட்டும் பகையும்

இந்தூர் முறை வேகமாகப் பரவியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் கவாத்து செய்த தழைகளை இந்த முறையில் எருவாக்கின. 1934-இல் ஹோவர்டுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1935-இல் இந்தூர் போன காந்தியடிகள் அந்த நிறுவனத்தைப் பார்வையிட்டார். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, கிராமத்துக் கழிவு கிராமத்து நிலத்துக்கே திரும்ப வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர். தம் கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கழித்தார். ஹோவர்டின் சிந்தனையும் இவருடைய சிந்தனையும் பல இடங்களில் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் இங்கிலாந்தின் வேளாண் விஞ்ஞானிகள் பலர் ஹோவர்டை ஏற்கவில்லை. தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்துகளை மூட்டையில் கொடுத்தால் போதும் என்பது அன்றைய பொதுக் கருத்து. அதை ஹோவர்ட் கடுமையாகத் தாக்கினார். 1940-இல் வந்த அவருடைய வேளாண் சாசனம் என்ற பொருள்படும் நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. காட்டில் யாரும் உரம் போடுவதில்லை, உதிர்ந்த சருகே போர்வையாகவும் உணவாகவும் ஆகிறது, இயற்கை விவசாயியிடம் இருந்து நாம் கற்க வேண்டும் என்பது அந்த நூலின் மையக் கருத்து. பிற்காலத்தில், குவியல் போடாமல் நிலத்தின் மேற்பரப்பிலேயே கழிவைப் பரப்பி மக்கவிடும் முறை பற்றியும் அவர் எழுதினார். அமெரிக்காவில் ரோடேல் என்பவர் 1942-இல் இயற்கை வேளாண் இதழ் தொடங்கியதற்கு ஹோவர்டின் எழுத்தே தூண்டுகோல். 1947 அக்டோபர் 20 அன்று, நம் நாடு விடுதலை பெற்ற இரண்டு மாதத்தில், அவர் காலமானார்.

அவர் சொன்ன எல்லாமே நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எரு போட்டு வளர்த்த தீவனம் தின்ற தம் மாடுகளுக்குக் கோமாரி வரவில்லை என்று அவர் எழுதியதை இன்றைய கால்நடை மருத்துவர்கள் சான்றாக ஏற்க மாட்டார்கள். நம் மாடுகளுக்குத் தடுப்பூசி கட்டாயம் வேண்டும். பெருகிய மக்கள்தொகைக்கு உணவளித்ததில் ரசாயன உரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மக்கு இல்லாத மண்ணில் மூட்டை உரமும் நிற்காது என்ற அவருடைய அடிப்படைக் கருத்தை இன்று மறுப்பவர் இல்லை.

நம் மணலுக்கு இந்தப் பாடம்

சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்கு இது மற்றவர்களை விட அதிகம் பொருந்தும். ஒரு பக்கம் கடல், தெற்கே வயலூர்ப் பக்கம் பாலாற்றின் முகத்துவாரம். நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் மணல். களிமண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில், போட்ட உரத்தின் பெரும்பகுதி வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடுகிறது. மணலில் சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்க நம் கையில் உள்ள சுலபமான வழி மக்கிய இலைதான்.

எரிப்பதால் போவது என்ன என்று ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ சாம்பல் சத்தும், ஒரு கிலோ அளவுக்கு மணிச்சத்தும் இருக்கின்றன. தீ வைத்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும். சாம்பல் சத்து தரையில் தங்கினாலும் காற்றிலும் அடுத்த மழையிலும் போய்விடும். மண்ணுக்கு மக்காக வேண்டிய கரிமம் மொத்தமும் காலி.

அதே வைக்கோலையோ சருகையோ செடியைச் சுற்றி மேலே பரப்பினால், அதைத்தான் இன்று மூடாக்கு என்கிறோம். இங்கே ஹோவர்ட் கண்ட மோதல் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. சருகின் அடிப்பக்கம் மட்டுமே மண்ணைத் தொடுவதால், நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்கின்றன. வேர்ப்பகுதியின் தழைச்சத்தை அவை அதிகம் பறிப்பதில்லை. சாம்பல் சத்து தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் முதல் சில மழையிலேயே இறங்கிச் செடிக்குக் கிடைக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மாதக்கணக்கில் மெதுவாக வரும். அதற்குள் பங்குனி, சித்திரை வெயிலில் மண் சூடாகாமலும் ஈரம் காயாமலும் இருக்கும். அந்த ஈரத்தில்தான் மண்புழுவும் நுண்ணுயிரும் வேலை செய்யும்.

நம் வீடுகளில் செய்யக்கூடியவை இவை:

வேம்பு, வாதுமை, முருங்கைச் சருகுகளை மூன்று நான்கு விரற்கடை கனத்துக்கு மரங்களையும் செடிகளையும் சுற்றிப் பரப்பலாம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும், கரையானும் வரும்.

வாதுமை இலை பெரிதாக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தண்ணீரை உள்ளே விடாது. காலால் மிதித்து நொறுக்கிப் போடுவது நல்லது. சவுக்குச் சருகு மெதுவாகத்தான் மக்கும். அதை மற்ற இலைகளோடு கலந்துகொள்ளுங்கள்.

சருகை மண்ணில் வெட்டிப் புதைத்து உடனே செடி நட வேண்டாம். மேலே போடுங்கள், இல்லையென்றால் மக்கவைத்துப் போடுங்கள்.

இடம் இருப்பவர்கள் இந்தூர் முறையில் சின்னக் குவியல் போடலாம். சருகோடு சமையலறைக் காய்கறிக் கழிவும் கொஞ்சம் சாணமும் சேர்ந்தால் போதும். மழைக்காலத்தில் குழி வேண்டாம், தரைமேல் குவியல்தான்.

நோய் வந்த இலைகளையும் பிளாஸ்டிக் கலந்த குப்பையையும் இதில் சேர்க்கக் கூடாது.

தெருவில் குப்பை எரிப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படியும் தடை செய்யப்பட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிறுத்துவதை விட, எரிப்பது நம் சொந்தச் சொத்து என்று தெரிந்து நிறுத்துவது நிலைக்கும். கடல் கடந்து வந்த ஒருவர் 26 ஆண்டுகள் நம் உழவர்களிடம் கற்றுக்கொண்டு உலகத்துக்குச் சொன்ன பாடம் இது. தனி வீட்டில் இடம் இல்லாதவர்கள் சருகை மூட்டையாகக் கட்டி வைத்தால், தோட்டம் வைத்திருக்கும் அண்டை வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கோடையில் நம் தெருவில் எந்த மூலையிலும் புகை எழாமல் பார்த்துக்கொள்வோம்.